கழற்றி மாட்டிய வீடு

போன வருடம் மகன் வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். ஊர் சுற்றிப் பார்த்ததில் மனசில் நின்றது ஒரு பழைய பண்ணை வீடு. பெயர் பேலீஃப். அதன் கட்டைகளில் உள்ள ஆண்டு வளையங்களை வைத்து வயது கணித்திருக்கிறார்கள். நடுக்கூடம் உள்ள பகுதி 1405க்கும் 1430க்கும் இடையில் கட்டியது. ஒரு பக்க அறைகள் அதற்கு நூறு வருடம் கழித்துச் சேர்த்தவை.

வீடு முதலில் இருந்தது கென்ட் மாவட்டத்தில். 1960களின் கடைசியில் அந்த இடத்தில் நீர்த்தேக்கம் வந்தது. நம்ம வீடா இருந்தா இடிச்சுத் தள்ளியிருப்பாங்க. அங்கே கட்டை கட்டையாகக் கழற்றி, சசெக்ஸ் பகுதியில் சிங்கிள்டன் என்ற ஊரில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்தில் மறுபடி நிறுத்திவிட்டார்கள்.

வீட்டைக் கழற்ற முடியுமா? முடியும். பாரத்தைத் தாங்குவது சுவர் இல்லை, ஓக் மரச் சட்டகம். ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி, இன்னொரு கட்டையின் துளையில் செருகி, ஊடே ஒரு ஓக் முளை அடித்திருப்பார்கள். கழுந்தில் உள்ள ஓட்டையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது தச்சரின் சூட்சுமம். முளை இறங்க இறங்க அது இரண்டு கட்டையையும் இழுத்து இறுக்கும். சட்டகத்துக்கு இரும்பு ஆணியே தேவையில்லை.

மரத்தை வெட்டின ஈரத்தோடயே வேலை செய்வார்கள். காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது கஷ்டம். கட்டைகளைத் தரையில் பரப்பி, பொருத்திப் பார்த்து, எது எதோடு சேரும் என்று ரோமன் எண்களைக் கீறி வைப்பார்கள். பிறகுதான் தூக்கி நிறுத்துவது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: முக்கியத் தூண்களைத் தலைகீழாக நடுவார்கள். வேர்ப்பக்கம் பருத்திருக்கும் அல்லவா, அது மேலே வந்தால் உத்திரமும் விட்டமும் வந்து சேர இடம் கிடைக்கும்.

சட்டகத்தின் இடைவெளியில் குச்சி நட்டு, மிலாறு பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் மிதித்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். இந்த மாதிரி வீடுகளில் மிலாறுக்குப் பெரும்பாலும் ஹேசல் மரம். அடியோடு வெட்டினாலும் தழைந்து வரும். ஏழு, பத்து வருடத்தில் மறுபடி வெட்டலாம். சுவருக்கு வேண்டியது தோப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் கிடைத்துவிட்டது.

நடுக்கூடத்தில் மாடி இல்லை, கூரை வரை திறப்பு. தரையில் நெருப்பு, புகைபோக்கியும் இல்லை. புகை மேலே போய்க் கூரை இடுக்கில் வெளியேறும். சன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, மரக்கம்பியும் அடைப்புப் பலகையும்தான். குளிரில் எப்படி இருந்தார்களோ! வசதியான வீடு என்று நான் சொல்ல மாட்டேன்.

அந்த நாட்டில் இப்படிப்பட்ட பல வீடுகளை ஆறு நூற்றாண்டு மழை கெடுக்கவில்லை, சிமெண்ட் கெடுத்தது. பழுது பார்க்கிறோம் என்று இருபதாம் நூற்றாண்டில் மேலே சிமெண்ட் பூசினார்கள். ஓக் சுருங்கும், விரியும். சிமெண்ட் வளையாது, விரிசல் விடும். விரிசலில் புகுந்த தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையின் அடி உளுத்துப்போகும், வண்டு ஏறும். மண்ணும் சுண்ணாம்பும் நனைந்தாலும் காய்ந்துவிடும். பழைய கட்டடங்களைக் காக்க 1877இல் வில்லியம் மோரிஸ் தொடங்கிய சங்கம் சுண்ணாம்பைத்தான் சொல்கிறது.

வங்கியில் இருந்த காலத்தில் மண்சுவர் வீடு என்றால் ஈடாக எடுக்க நான் யோசிப்பேன். கான்கிரீட் என்றால் உடனே கையெழுத்து. ஓய்வு பெற்றதும் நிலத்தில் இருந்த பழைய மண்சுவர் அறைக்கு நானே சிமெண்ட் பூசினேன். மூன்றாவது மழையில் அடிப்பக்கம் பூச்சு உப்பியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே மண் சேறாக இருக்கிறது.

பேலீஃப் மாதிரி வீட்டில் தூணின் அடி உளுத்தால், உளுத்த அளவுக்கு மட்டும் அறுத்துவிட்டுப் புது ஓக்கைச் சாய்வாக ஒட்டவைத்து முளை அடிக்கிறார்கள். மேலே பழைய கட்டை அப்படியே நிற்கும். என் அறையின் பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டேன். சுவர் காய ஒரு கோடை பிடித்தது. இப்போது சுண்ணாம்பு நீற்றி ஊறப் போட்டிருக்கிறேன்.