வெப்பமும் பூச்சிமருந்தின் தரமும்

சித்திரை, வைகாசியில் வேலூர், கரூர் போன்ற பகுதிகளில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாட்கள் உண்டு. பம்புசெட்டு அறையின் தகரக் கூரைக்கடியில் சூடு இன்னும் கூடுதல். சென்ற போகத்தில் மீந்த மருந்துப் புட்டி பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. காலாவதிக்கு இன்னும் எட்டு மாதம் உள்ளதே என்று உழவர் அதை எடுத்துத் தெளிக்கிறார், புழு சாவதில்லை. அளவை இரட்டிப்பாக்குகிறார், இலை கருகுகிறது. கடைக்காரர் மீது பழி விழுகிறது. சில சமயம் அது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் புட்டியின் மேலுள்ள காலாவதித் தேதி, மூடி திறக்காமல், துண்டறிக்கையில் சொன்னபடி வைத்திருந்த மருந்துக்கே பொருந்தும்.

வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் வேதியியல் சிதைவு ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. இதனால்தான் ஆய்வகங்களில் மருந்தை 54 டிகிரியில் 14 நாட்கள் வைத்துப் பின்னர் தரத்தைச் சோதிக்கிறார்கள். டைமீத்தோயேட், வேம்பு மருந்திலுள்ள அசாடிராக்டின் ஆகியவை சூட்டில் வீரியம் இழப்பவை. டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்றவற்றில் இருப்பது உயிர். தகரக் கொட்டகை அவற்றுக்கு அடுப்புதான்.

வீரியம் குறைவதோடு கேடு நின்றுவிடுவதில்லை. 1976-இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் நனையும் தூள் தெளித்த சுமார் 7,500 பணியாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சுக்கு உள்ளாயினர், ஐவர் இறந்தனர். சேமிப்பின்போது தூளில் ஐசோமாலத்தியான் என்ற பொருள் உருவாகியிருந்தது. மாலத்தியானை முறிக்கும் நொதியை நம் உடலில் இது முடக்கிவிடுகிறது. கையாளுவதில் இருந்த கவனக்குறைவும் சேர்ந்துகொண்டது. பழைய மருந்து பூச்சிக்குப் பலவீனமாகவும் மனிதருக்குக் கடுமையாகவும் மாறக்கூடும் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களும் உண்டு. இ.சி. வகைத் திரவ மருந்தில் நஞ்சு ஒரு கரைப்பானில் கரைந்திருக்கிறது. நீரில் விட்டால் பால்போலக் கலக்கச் செய்வது அதனுடன் சேர்த்துள்ள குழம்பாக்கி. மூடி இறுகாத புட்டியில் கரைப்பான் ஆவியாகும்; நீடித்த சூட்டில் குழம்பாக்கியும் கெடலாம். அப்போது மருந்து எண்ணெயாகப் பிரிந்து மிதக்கும். கைத்தெளிப்பான் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் வரிசைச் செடிகளுக்கு வெறும் நீரும், கடைசி வரிசைக்குக் காரமான மருந்தும் போய்ச் சேரும். நனையும் தூளோ கட்டிதட்டி, சீக்கிரம் அடியில் தங்கி நாசிலை அடைக்கும்.

குளிரும் தொல்லை தருவதே. உதகையில் உறைபனிக் காலத்தில் சில திரவ மருந்துகளில் படிகம் இறங்கும். புட்டியை வெதுவெதுப்பான அறையில் வைத்து, கரைந்த பின் குலுக்கிப் பார்க்கலாம். கரைப்பான் தீப்பற்றக்கூடியது, அடுப்பருகே கொண்டுபோகவே கூடாது.

சந்தேகமான மருந்தைத் தெளிக்குமுன், வீட்டில் புழங்காத கண்ணாடிப் புட்டியில் உங்கள் கிணற்று நீரையே எடுத்து, பரிந்துரைத்த அளவில் மருந்தைக் கலந்து குலுக்கி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். கையுறை அவசியம். இ.சி. மருந்துக்கான இந்தியத் தரச் சோதனையில், கடின நீரில் கலந்த 100 மில்லியில் 2 மில்லிக்கு மேல் பிரியக் கூடாது. உங்கள் புட்டியில் எண்ணெய்ப் படலமோ தயிர்போன்ற திரளோ தெரிந்தால் அந்த மருந்து தெளிப்புக்கு ஆகாது. அதை வாய்க்காலில் ஊற்றாமல் வேளாண்மை அலுவலரிடம் கேளுங்கள். பால்போல நன்றாகக் கலந்தாலும் வீரியம் முழுமையாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. அதை ஆய்வகம்தான் சொல்லும்.

ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குவதே எளிய வழி. மீந்தால், ஓடு வேய்ந்த, காற்றோட்டமுள்ள, பூட்டக்கூடிய அறையில், வெயில் படாத சுவரோரம் பலகை மேல் வைக்கலாம். விதையும் தானியமும் அங்கே வேண்டாம். சூடேறிய புட்டிக்குள் ஆவி அழுத்தம் ஏறியிருக்கும். நிழலில் ஆறவிட்டு, முகத்தை விலக்கி, மூடியை மெதுவாகத் திருகுங்கள்.