ஐந்து விரல்கள், ஆறு சுரங்கள்

பியானோவின் முன் முதன்முறையாக அமரும் மாணவரின் எதிரே 88 கட்டைகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றுள் 52 வெள்ளை, 36 கறுப்பு. எங்கே கை வைப்பது என்ற மலைப்பு யாருக்கும் ஏற்படும். ஆனால், எளிய நாட்டுப்புறப் பாடல் ஒன்றை வாசிப்பதற்கு அத்தனை கட்டைகளும் தேவையில்லை. ஆறு சுரங்களே போதும். வீட்டில் பியானோ இல்லாதவர்கள் 61 கட்டைகள் கொண்ட மின்விசைப் பலகையிலும் அதே பாடலை வாசிக்கலாம்.

தொடக்கநிலை மாணவர்களுக்கு ஆசிரியர்கள் பெரிதும் தேர்ந்தெடுக்கும் பாடல்களுள் ஒன்று ‘ஃபிரேர் ஜாக்’ என்னும் பிரெஞ்சு நாட்டுப்புறப் பாடல். ‘சகோதரர் ஜாக்’ என்பது அதன் பொருள். காலை வழிபாட்டு மணியை ஒலிக்காமல் உறங்கிக்கொண்டிருக்கும் துறவி ஒருவரை எழுப்புவதுபோல அது அமைந்துள்ளது. சிங்கப்பூர், மலேசிய வகுப்பறைகளில் சீன மாணவர்கள் பலருக்கு இந்த மெட்டு வேறொரு பெயரில் அறிமுகமானது. சீன மொழியில் அது ‘இரண்டு புலிகள்’ என்னும் குழந்தைப் பாடலாகப் பாடப்படுகிறது. துறவி புலிகளானாலும் மெட்டு மாறவில்லை.

கட்டைகளைக் கண்டறிதல்

பியானோவின் கறுப்புக் கட்டைகளைக் கூர்ந்து பார்த்தால் அவை இரண்டும் மூன்றுமாக மாறி மாறி வருவது தெரியும். இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்தில், அவற்றுக்கு இடப்புறத்தை ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டையே ‘சி’. அங்கிருந்து வலப்பக்கம் செல்லும் வெள்ளைக் கட்டைகள் முறையே சி, டி, இ, எஃப், ஜி, ஏ, பி எனப் பெயர்பெறும். பிறகு மீண்டும் சி வரும். பலகையின் நடுப்பகுதியில் இருப்பது ‘நடு சி’. பாடல் தொடங்குவது அங்கேதான்.

கருநாடக இசை பயிலும் மாணவருக்கு இது புதிய நாடன்று. சி கட்டையை ‘ச’ எனக் கொண்டால், அங்கிருந்து தொடரும் ஏழு வெள்ளைக் கட்டைகளும் ச, ரி, க, ம, ப, த, நி என ஒலிக்கும். அது சங்கராபரண இராகத்தின் சுரவரிசை. பாடகர்கள் ‘ஒரு கட்டைச் சுருதி’ என்று குறிப்பிடுவதும் இந்தச் சி சுரத்தைத்தான். ஐரோப்பிய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் பாடல்கள் இயற்றியவர் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர். ‘நோட்டுசுவர சாகித்தியங்கள்’ எனப்படும் அப்பாடல்களும் சங்கராபரணத்தில் அமைந்தவையே. தீட்சிதர் 1835இல் மறைந்தார். ஆகவே, தமிழ்நாட்டு இசைக்கும் ஐரோப்பிய மெட்டுகளுக்கும் உள்ள உறவு ஏறத்தாழ இருநூறு ஆண்டுப் பழைமை உடையது.

விரல்களுக்கு எண்கள்

பியானோ வாசிப்பில் விரல்களுக்கும் எண்கள் உண்டு. இரு கைகளிலும் பெருவிரல் 1, சுட்டுவிரல் 2, நடுவிரல் 3, மோதிரவிரல் 4, சுண்டுவிரல் 5. வலக்கைப் பெருவிரலை நடு சியின் மேல் வைத்தால், மற்ற நான்கு விரல்களும் அடுத்தடுத்த நான்கு கட்டைகளில் இயல்பாகவே அமரும். உள்ளங்கையில் சிறிய பந்து ஒன்றை வைத்திருப்பதுபோல விரல்கள் சற்றே வளைந்திருக்க வேண்டும். தோள்கள் இறுகக் கூடாது.

இப்பாடலில் நான்கு அடிகள் உள்ளன. ஒவ்வோர் அடியும் இருமுறை வருகிறது. எனவே, கற்க வேண்டியது நான்கு சிறு துண்டுகள் மட்டுமே.

முதல் அடி பெருவிரலில் தொடங்கி, படிப்படியாக நடுவிரல் வரை ஏறி, மீண்டும் பெருவிரலுக்கே திரும்புகிறது. இரண்டாம் அடி நடுவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரை ஏறி, அங்கே இரண்டு தாள எண்ணிக்கைகளுக்கு நிற்கிறது. இவ்விரண்டு அடிகளையும் முதல் நாளிலேயே பலர் வாசித்துவிடுவர்.

மூன்றாம் அடிதான் கடினமானது. ஜியில் தொடங்கும் அந்த அடி, ஏ கட்டையைத் தொட்டுவிட்டுக் கீழே இறங்குகிறது. ஐந்து விரல்களும் ஏற்கெனவே ஐந்து கட்டைகளில் இருக்கின்றன. ஆறாவது சுரத்துக்கு விரல் இல்லை. இதற்கான வழி இரண்டாம் அடியின் இறுதியிலேயே இருக்கிறது. சுண்டுவிரல் ஜியில் நின்று ஒலிக்கும் அந்த நேரம் முடிந்ததும், அதே கட்டைக்கு மோதிரவிரல் வரவேண்டும். அப்போது சுண்டுவிரல் ஏ கட்டையின் மேல் வந்து சேரும். பிறகு 4, 5, 4, 3, 2 என விரல்கள் வரிசையாக நகர, இறுதியில் பெருவிரல் சற்று நீண்டு சியைத் தொடும்.

நான்காம் அடி சியிலிருந்து தாழ்ந்த ஜிக்கு இறங்கி, மீண்டும் சிக்கு வருகிறது. தாழ்ந்த ஜியை இடக்கைப் பெருவிரல் வாசிக்கலாம். அதுவே இடக்கையின் முதல் பணி.

வேகம் என்னும் பொறி

தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் முதல் அடியை விரைவாகத் தொடங்கிவிடுகிறார்கள். அது எளிது என்பதே காரணம். ஆனால், மூன்றாம் அடியில் நான்கு தாள எண்ணிக்கைகளுக்குள் ஆறு சுரங்கள் வருகின்றன. அவற்றுள் முதல் நான்கு சுரங்கள் இரு மடங்கு வேகத்தில் ஒலிக்க வேண்டும். முதல் அடிக்கு ஏற்ற வேகம் அங்கே தாங்காது, விரல்கள் தடுமாறும். ஆகவே, பாடலின் வேகத்தை அதன் எளிய அடியைக்கொண்டு தீர்மானிக்கக் கூடாது. கடினமான அடியைக்கொண்டே தீர்மானிக்க வேண்டும். நொடிக்கு ஓர் எண்ணிக்கை என்ற வேகத்தில் வாசித்தால், முழுப் பாடலும் 32 நொடிகளில் முடிந்துவிடும். அது மெதுவாகத் தோன்றலாம். ஆயினும், தொடக்கத்தில் அந்த வேகமே போதுமானது.

மற்றொரு பழக்கமும் முன்னேற்றத்தைத் தடுக்கிறது. தவறு நேர்ந்தவுடன் பாடலின் தொடக்கத்துக்கே திரும்பிச் செல்வதுதான் அது. அப்படிச் செய்யும் மாணவர் முதல் அடியை நாற்பது முறை வாசித்திருப்பார். நான்காம் அடியைப் பத்து முறைகூடத் தொட்டிருக்க மாட்டார். தொடக்கம் மெருகேறிக்கொண்டே போகும். தடுமாறிய இடம் தடுமாறியபடியே இருக்கும். “எத்தனை நாள் பழகியும் வரவில்லையே” என்று மனம் சோர்ந்து பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். அவர்களிடம் குறைந்தது திறமையன்று. பயிற்சி சேர வேண்டிய இடத்தைச் சேரவில்லை. தவறிய இரண்டு மூன்று சுரங்களை மட்டும் தனியே எடுத்து, மெதுவாகப் பலமுறை வாசித்து, பிறகு அவற்றை முன்னும் பின்னும் உள்ள சுரங்களோடு இணைப்பதே பயன் தரும் வழி.

இரு கைகளும் இணையும்போது

வலக்கை பழகிய பின், இடக்கைக்கு மேலும் ஒரு பணி தரலாம். இடக்கைச் சுண்டுவிரல் தாழ்ந்த சியிலும் பெருவிரல் தாழ்ந்த ஜியிலும் இருக்கட்டும். ஒவ்வொரு நான்கு எண்ணிக்கைக்கும் ஒருமுறை அவ்விரண்டையும் ஒருசேர அழுத்தி, ஒலி நீடிக்கும்படி பிடித்திருக்க வேண்டும். தம்புரா ‘ச’வையும் ‘ப’வையும் இடைவிடாது ஒலித்துப் பாடகருக்குத் துணை நிற்பதைப் போன்றது இது. நான்காம் அடியில் மட்டும் இடக்கைப் பெருவிரல் மெட்டுக்கு உதவப் போய்விடும்.

இரு கைகளும் வெவ்வேறு வேலைகளைச் செய்வது முதலில் குழப்பத்தைத் தரும். அதனால், பியானோவைத் தொடுவதற்கு முன் மேசையில் தட்டிப் பழகுவது நல்லது. வலக்கை ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஒருமுறை தட்டட்டும். இடக்கை நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை தட்டட்டும். மேசையில் இணைந்த கைகள் பிறகு கட்டைகளிலும் எளிதில் இணையும்.

ஒருவரை ஒருவர் தொடர்தல்

இந்த மெட்டுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. ஒருவர் முதல் அடியை இருமுறை வாசித்து முடித்ததும், மற்றொருவர் தொடக்கத்திலிருந்து வாசிக்கலாம். முன்னவர் இரண்டாம் அடியில் இருக்கும்போது பின்னவர் முதல் அடியில் இருப்பார். ஆனாலும் இரண்டும் இனிமையாகப் பொருந்தும். நான்கு அடிகள் இருப்பதால் நால்வர்கூட இவ்வாறு ஒருவர்பின் ஒருவராகச் சேரலாம். ஆஸ்திரிய இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் தம் முதல் சிம்பொனியின் மூன்றாம் பகுதியில் இதே மெட்டைச் சோகம் ததும்பும்படி மாற்றிப் பயன்படுத்தினார். அங்கும் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அப்படைப்பு 1889இல் புடாபெஸ்ட் நகரில் முதன்முதலாக அரங்கேறியது.

தனியே பழகும்போது தவறிய இடத்தில் நின்று திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆனால், பிறருடன் சேர்ந்து வாசிக்கும்போது நிற்க இயலாது. ஒரு சுரம் தவறிவிட்டது என்று நின்றால், தோழர் அடுத்த அடிக்குச் சென்றிருப்பார். அப்போது செய்யக்கூடியது ஒன்றுதான்: தாளத்தை மனத்துக்குள் எண்ணியபடி, அவருடைய வாசிப்பைச் செவிமடுத்து, பொருத்தமான இடத்தில் மீண்டும் சேர்ந்துகொள்வது. தன் விரல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த மாணவர் பிறரைக் கேட்கத் தொடங்குவது அங்கேதான். ஒருவர் ‘சகோதரர் ஜாக்’ என்று நினைத்து வாசிக்க, மற்றவர் ‘இரண்டு புலிகள்’ என்று நினைத்து வாசித்தாலும், தாளம் ஒன்றாக இருக்கும்வரை இசை குலைவதில்லை.

சிந்தித்துக் கலந்துரையாடுக

1. பாடலின் வேகத்தை அதன் கடினமான அடியைக்கொண்டு தீர்மானிக்க வேண்டும் எனப் பனுவல் கூறுவது ஏன்?
2. தவறு நேரும்போதெல்லாம் தொடக்கத்துக்குத் திரும்புவதால் ஏற்படும் விளைவு யாது? நீங்கள் கற்கும் வேறு பாடத்திலோ விளையாட்டிலோ இத்தகைய பழக்கம் உள்ளதா?
3. தனியே பழகுவதற்கும் பிறருடன் சேர்ந்து வாசிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொந்த நடையில் விளக்குக.