நோட்பேடும் நம் தமிழெழுத்தும்

விண்டோசுடன் விலையின்றி வரும் நோட்பேடைப் பெரிதாக மதிப்பவர் குறைவு. பழைய விண்டோஸ்களில் இருந்த நோட்பேடில் தடித்த எழுத்து இல்லை, படம் இல்லை, அட்டவணை இல்லை. 1985-ல் விண்டோசின் முதற்பதிப்பு வந்தபோதே இதுவும் உடன் வந்துவிட்டது. அதற்கும் மூத்தது டிம் பேட்டர்சன் 1980-ல் ஆக்கிய எட்லின். அதில் திரையில் விரும்பிய இடத்துக்குப் போக முடியாது; வரி எண்ணைச் சொல்லி ஒவ்வொரு வரியாகத்தான் திருத்தவேண்டும். அந்தப் பொறுமை நம் தலைமுறைக்கு ஏது!

ஆயினும் தமிழ்க் கோப்பு ஒன்று உயிரோடு இருக்கிறதா, இல்லையா என்று அறிய நோட்பேடைவிட நல்ல உரைகல் இல்லை என்பேன். காரணம் எளியது. நோட்பேடு கோப்பில் எழுத்துகளுக்குரிய எண்களை மட்டுமே வைக்கிறது. எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பதை வைப்பதில்லை. ஆகவே கோப்பின் உள்ளிருப்பதை ஒளிக்காமல் காட்டிவிடுகிறது.

எங்கள் ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதிய என் தாய்மாமா, கட்டை அடுக்கும் பெண்கள் பாடிய தாலாட்டுகளையும் ஒப்பாரிகளையும் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிவந்தார். முதற்பகுதியை 2003-லும் அடுத்ததை 2008-லும் சிவகாசியில் அச்சுவேலை பார்க்கும் கடைகளில் கொடுத்துத் தட்டச்சு செய்து வாங்கினார். நோட்டுகள் கரையானுக்குப் போயின. பாடியவர்களுள் பெரும்பாலோர் இன்றில்லை. மிஞ்சியவை ஒரு குறுந்தகட்டில் இருந்த இரண்டு கோப்புகள்.

முதற்கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கிடந்தன. மாமா தலையில் கைவைத்துவிட்டார். ஆனால் அது அழிவன்று. யுனிகோடு பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை அமர்த்தியிருந்தன. பாமினியில் ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு சிறிய ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. பாமினி எழுத்துருவை நோட்பேடில் தேர்ந்தவுடன் தாலாட்டு அப்படியே எழுந்து நின்றது. (இடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் மட்டும் பொருளற்ற தமிழாகிவிட்டன, சிரித்துக்கொண்டே திருத்தினோம்.) பின்னர் என்.எச்.எம். கன்வர்டர் கொண்டு யுனிகோடுக்கு மாற்றினேன்.

இரண்டாம் கோப்பில் முழுவதும் கேள்விக்குறிகள். இதுதான் உண்மையான அழிவு. யுனிகோடில் ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் குறிக்கும் தனியெண் உண்டு. ‘அ’வின் எண் 2949. விண்டோஸ் எக்ஸ்பி நோட்பேடில் கோப்பைச் சேமிக்கும்போது அன்சி, யுனிகோடு, யுனிகோடு பிக் எண்டியன், யுடிஎஃப்-8 என நான்கு முறைகள் கேட்கும்; தானாக நிற்பது அன்சி. ஆங்கிலம் முதலிய மேலைமொழிகளுக்கான அந்த அன்சிப் பட்டியலில் மொத்தம் 256 இடங்கள். தமிழுக்கு ஓரிடமும் இல்லை. இடமில்லாத ஒவ்வொன்றையும் கேள்விக்குறியாக்கிவிடும். எழுத்துகள் இழக்கப்படும் என்று நோட்பேடு எச்சரிக்கத்தான் செய்யும். யாரோ ஓர் அவசரக்காரர் ‘சரி’யை அழுத்தியிருக்கிறார். தாலாட்டின் எண்களெல்லாம் கேள்விக்குறியின் எண்ணான 63 ஆகிவிட்டன. எந்த எழுத்துருவாலும் எந்த மாற்றியாலும் அவற்றை மீட்க இயலாது.

விண்டோஸ் 10-க்கு 2019-ல் வந்த புதுப்பிப்பு முதல் நோட்பேடு தானாகவே யுடிஎஃப்-8-ஐத் தேர்கிறது. பழைய கணிப்பொறியில் எழுதும் நண்பர்கள் சேமிக்கும் பெட்டியின் அடியிலுள்ள அந்த வரிசையை ஒருமுறை பார்த்துத் தேர்ந்துகொள்க. புரியாத கோப்பு கிடைத்தால் அதன்மேல் எதையும் சேமிக்காமல் முதலில் ஒரு படி எடுத்துவைக்க.

அன்சி அழித்த கோப்பில் இரண்டு மட்டும் தப்பின: சொற்களுக்கிடையே உள்ள இடைவெளியும் வரிமுடிவும். ‘தமிழ்’ என்றிருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறிகள் நிற்கும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என யுனிகோடில் அதற்கு ஐந்து எண்கள். எனவே சொல்லின் நீளம் தெரியும். தெற்குத் தெருவில் அந்தப் பாட்டுகளில் சில தெரிந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் பாடப்பாட மாமா எழுதிக்கொண்டு வருகிறார். நான் கேள்விக்குறிகளை எண்ணி ஒப்பிடுகிறேன். இதுவரை பதினொரு வரிகள் பொருந்தியுள்ளன.