உப்பு ஏறாமல் இருக்க: பெரிய முதலியார்சாவடிக்கு ஒரு பட்டியல்

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நாலு எட்டு வைத்தால் கடல். இந்த மணலுக்கடியில் மழைத்தண்ணீர், கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே அது 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அந்த 1 அடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு மேலே வரும்.

செய்ய வேண்டியவை

- கூரைத் தண்ணீரை மண்ணுக்குள் விடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது வைத்த குழாய் சுவரில் சும்மா தொங்கினால் பயனில்லை. ஐப்பசிக்கு முன்பே குழியைத் தூர்வாரி, ஜல்லியைக் கழுவிப் போடுங்கள்.
- போர் தண்ணீரைக் கோடையிலும் மழை முடிந்தும் சோதியுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 2000 வரை. நாக்கை நம்பாதீர்கள். நமக்குப் பழகிவிடும், விருந்தாளி முகம் சுளிக்கும்போதுதான் தெரியும்.
- கழிப்பறைக்கு இரட்டைக் குழி போடுங்கள். ஒன்று நிறைந்ததும் அடைத்துவிட்டு மற்றதைத் திறக்க வேண்டும். மூடியது 2 ஆண்டு கிடந்தால் எரு. இங்கே தண்ணீர் மேலாகவே கிடப்பதால் குழியை மேடேற்றிக் கட்டி, அடியைச் சிமென்ட் போட்டு அடைத்து, சுற்றிலும் அரை மீட்டருக்கு நைஸ் மணல் நிரப்பச் சொல்லுங்கள். கொத்தனார் சிரிப்பார், சிரிக்கட்டும். கிணற்றுக்கும் குழிக்கும் 10 மீட்டராவது இருக்கட்டும்.
- மேல்நிலைத் தொட்டியில் 1000 லிட்டருக்கு 4 கிராம் ப்ளீச்சிங் பவுடர், பிறகு அரைமணி நேரம் பொறுமை. கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச வேண்டும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்ததே, அதுபோன்ற வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்கும் குளோரின் வேண்டும்.

செய்யக்கூடாதவை

- உப்பு வந்துவிட்டதென்று மணலில் போட்ட போரையே ஆழமாக்காதீர்கள். உப்பை நோக்கித்தான் இறங்குவீர்கள்.
- கடல்நீர் புகுந்த கிணற்றை விடாமல் இறைக்காதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடுதான் இறைத்தார்கள். சில கிணறுகளில் அடியிலிருந்த உப்பும் சேர்ந்து ஏறியது. ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு மழைக்கு விட்டுவிடுங்கள்.
- இரண்டு குழியையும் ஒன்றாகத் திறந்து விடாதீர்கள். நாப்கினை உள்ளே போடாதீர்கள்.
- கழிவுநீர்த் தொட்டிக்குள் யாரையும் இறக்காதீர்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதைவிட, விஷவாயுவில் மயங்கியவரைத் தூக்கப் போனவரும் அங்கேயே விழுந்துவிடுவார்.
- உறிஞ்சும் லாரிக்காரரிடம் எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். "ஓடையிலதான்" என்றால் வேறு லாரி பாருங்கள். நம் போருக்கும் அந்த ஓடைக்கும் நடுவே இருப்பது வெறும் மணல்.