வண்டுத் தாயத்து

சிவாஜிநகரில் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் போனால் கைக்குழந்தைகளைப் பாருங்கள். பல குழந்தைகளின் இடுப்பில் கறுப்புக் கயிறு இருக்கும். அதில் தாயத்து தொங்கும். இந்துக்களும் கட்டுகிறார்கள். முஸ்லிம்களும் கட்டுகிறார்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் மாதா உருவம் பதித்த பதக்கம் போடுகிறார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது. எல்லோருக்கும் அதுதான் கவலை.

இந்தக் கவலை மிகப் பழையது. ஆப்பிரிக்காவில் எகிப்து என்று ஒரு நாடு உள்ளது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வண்டு வடிவில் தாயத்து செய்தார்கள். என்ன வண்டு தெரியுமா? சாணியை உருட்டிக்கொண்டு போகுமே, அந்த வண்டுதான்!

ஏன் அந்த வண்டு? அது உருண்டையைத் தள்ளுவதை எகிப்தியர் பார்த்தார்கள். சூரியனையும் ஒரு கடவுள் இப்படித்தான் தள்ளுகிறார் என்று நம்பினார்கள். அவருக்குக் கெப்ரி என்று பெயர். மண்ணில் புதைந்த உருண்டையிலிருந்து புது வண்டு வெளியே வரும். அது தானாகப் பிறக்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் பெண் வண்டு அதற்குள் முட்டை இடுகிறது.

பலப்பம் செய்கிற மாக்கல் உங்களுக்குத் தெரியும். பல வண்டுகளை அந்தக் கல்லில்தான் செதுக்கினார்கள். பச்சை, நீலப் பூச்சு பூசிச் சுட்டார்கள். பல வண்டுகள் விரல் நகம் அளவுதான். கயிறு கோக்க ஓட்டை உண்டு. தட்டையான வயிற்றில் எழுத்து இருக்கும். கடவுள் பெயர், அரசர் பெயர், சிலவற்றில் அதிகாரியின் பெயர். அதிகாரிகள் அதையே முத்திரையாக ஈரக் களிமண்ணில் அழுத்தினார்கள்.

அன்று எகிப்தில் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து நாட்டுக் கைவினைஞர்களும் இந்த வண்டுகளைப் பார்த்துச் செய்தார்கள். அவர்கள் செதுக்கிய பலவற்றில் இருப்பது எழுத்தே இல்லை. எழுத்து மாதிரியான கோடுகள். அதையும் நம்பிக் கட்டிக்கொண்டார்கள். நம் ஊர்த் தாயத்துக் குழாய்க்குள்ளும் எழுத்து எழுதிய தகடோ காகிதமோ இருப்பதுண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

நோய் வந்தால் எகிப்திய வைத்தியர்கள் மந்திரம் சொன்னார்கள். கூடவே மருந்தும் கொடுத்தார்கள். மந்திரத்தோடு நிற்கவில்லை. இங்கும் தாயத்து கட்டிய பிள்ளையைப் பௌரிங் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மார் உண்டு. அவர்கள் செய்வதுதான் சரி.

இறந்தவர்களுக்கும் பெரிய வண்டு வைத்தார்கள். மறு உலகில் நெஞ்சைத் தராசில் நிறுப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் இறந்தவர் மார்பில் கல் வண்டை வைத்துப் புதைத்தார்கள்.

பிறகு அந்த எழுத்தைப் படிக்க ஆளே இல்லாமல் போனது. 1822-இல் பிரெஞ்சு அறிஞர் சம்போலியன் அதைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். அதன் பிறகே மார்பு வண்டின் செய்தி தெரிந்தது. தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டாம் என்று இறந்தவர் தன் நெஞ்சிடமே கெஞ்சுகிறார்.