குழவியின் மௌனம்: இருவேறு காரணங்கள்

பிள்ளைத்தமிழ் பயின்றோர் அதன் பருவங்களை நன்கறிவர். வருகைப் பருவத்தில் தாய் அழைக்கக் குழவி தளர்நடையிட்டு வருகின்றது. அம்புலிப் பருவத்தில் அவள் வானத்துத் திங்களைச் சுட்டி அழைக்க, குழவியும் அத்திசையை நோக்குகின்றது. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணலை வீடாகப் பாவித்து ஆடுகின்றனர். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா, சுட்டியதை நோக்குகின்றதா, பாவனை விளையாட்டு உண்டா என்று இன்றைய மருத்துவர் வினவுவனவும் ஏறக்குறைய இவையே.

எம்மூர் தண்டலம். சுற்றிலும் தொழிற்சாலைகள் பெருகியமையால், தாய் தந்தையர் இருவரும் வேலைக்குச் செல்லும் இல்லங்கள் அங்குப் பல. சென்ற விடுமுறையில், மூன்று வயதாகியும் பேசாது, அழைத்தாலும் திரும்பாது, ஒரு பாத்திர மூடியையே நெடுநேரம் சுழற்றியிருந்த சிறுவனொருவனைக் கண்டேன். “தாய் வேலைக்குப் போவதால் பிள்ளை ஏங்கிப்போயிற்று” என்றனர் அண்டை வீட்டார். அவள் மறுமொழி கூறாது தலைகுனிந்தாள். அக்கூற்று மெய்தானோ என ஆராயப் புகுந்ததன் பயனே இக்கட்டுரை.

ஆட்டிசம் என்பது மூளை வளர்ச்சியோடு பிறந்த இயல்பு வேறுபாடு. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இதனை விளக்கினார். பற்றுறவுக் கோளாறோ, குழந்தைப் பருவத்தில் பேணுவாரின்றிக் கடுமையாகப் புறக்கணிக்கப்பட்டமையால் விளைவது. இரண்டிலும் குழந்தை பிறரை நாடாதிருத்தல் கூடும். ஆதலின் ஒன்றை மற்றொன்றாக மயங்குதல் எளிது.

வேறுபாட்டை அறியும் வழிகள் மூன்று. முதலாவது, வரலாறு. கடும் புறக்கணிப்பு நிகழ்ந்திராவிடிற் பற்றுறவுக் கோளாறு என்பதற்கு இடமில்லை. தாய் பகலில் வேலைக்குச் செல்லுதல் புறக்கணிப்பன்று. பாட்டியேனும் பிறரேனும் அன்புடன் பேணின் போதும். இரண்டாவது, செயல். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், சிறு மாற்றத்தையும் பொறாமை, ஒலி ஒளிகளுக்கு மிகக் கூசுதல் ஆகியன ஆட்டிசத்தின் குறிகள். ஆயினும் ஆட்டிசமுடைய குழந்தைகளுட் பலர் தம் தாயிடம் பற்றுடையரே. மூன்றாவது, மாற்றம். ருமேனியாவில் அநாதை விடுதிகளில் இருந்த 136 குழந்தைகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டளவில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. அவருள் வளர்ப்புக் குடும்பங்களிற் சேர்க்கப்பட்டாரிடம் ஒதுங்கியிருக்கும் குறிகள் பெரிதும் குறைந்தன. நல்ல இல்லம் பற்றுறவுக் கோளாற்றைத் தணிக்கும். ஆட்டிசமுடைய குழந்தையோ அவ்வில்லத்திலும் தன்னியல்போடேயே வளரும். அதற்கு வேண்டுவது தக்க பயிற்சி.

இம்மயக்கத்தின் தீங்கிற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. வங்கத்து மிதுனாப்பூரில் அநாதை இல்லம் நடத்திய பாதிரியார் சிங், 1920-இல் கமலா, அமலா என்னும் இரு சிறுமியரை ஓநாய்க் குகையினின்று மீட்டதாக எழுதினார். அமலா 1921-இலும் கமலா 1929-இலும் மரித்தனர். உலகம் அக்கதையை வியந்தது; பின்வந்த ஆராய்ச்சியாளரோ அதனை நம்பத்தகாததென்றனர். 1959-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பார், அவர்கள் ஆட்டிசமுடைய குழந்தைகளே என்றார். அம்மட்டோடு நில்லாது, அந்நிலைக்குப் பெற்றோரின் அன்பின்மையே காரணம் எனவும் சாதித்தார். தாயைப் பழிக்கும் அக்கொள்கையை 1964-இல் பெர்னார்டு ரிம்லாந்து மறுத்தார். இவர் ஆட்டிசமுடைய மகனொருவனின் தந்தை. இன்று அக்கொள்கையை அறிஞர் எவரும் ஏற்பதில்லை. எனினும், பல்லாண்டு எத்தனை தாயர் அப்பழியைச் சுமந்தனரோ!

எம்மூர்ச் சிறுவனது நிலை இன்னதெனக் கூற யான் மருத்துவனல்லேன். ஆனால் அவனைப் பாட்டி கண்போற் காத்தாள்; மாலையில் தாய் வந்ததும் அவன் ஓடி அவள் மடியில் முகம் புதைத்தான். அது புறக்கணிப்புண்ட குழவியின் செய்கையன்று.

ஆதலின், நண்பர்காள்! இத்தகைய குழந்தையைக் காணின், “வளர்ந்தாற் சரியாகும்” எனக் காலந்தாழ்த்தாதீர், தாயையும் பழியாதீர். முதலிற் செவிப்புலனைச் சோதித்து, பின் குழந்தை மருத்துவரை அணுகச் சொல்லுங்கள். முட்டுக்காட்டில் 2005-இல் நிறுவப்பட்ட தேசிய நிறுவனம் பல்வகைக் குறைபாடுடையோர்க்கென்றே உள்ளது. ஆட்டிசமுடையாரின் உரிமையை 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் ஏற்றுளது. காரணத்தைப் பிழையாக உணரின் மருந்தும் பிழைபடும். பழியும் குற்றமற்றார் தலைமேல் விழும்.