முன்பக்கம் முழுவதையும் கவிழ்ப்பதா, பொனட்டோடு நிறுத்துவதா?

பழைய பிக்கப்பின் பொனட், இரண்டு மட்கார்ட், கிறில், முன்லைட் எல்லாவற்றையும் ஒரே கூடாக்கி, பம்பருக்குக் கிட்ட கீல் வைத்து முன்னால் கவிழ்க்கிற வேலை பார்க்க அழகாக இருக்கும். எஞ்சின் மூன்று பக்கமும் திறந்து கிடக்கும். மட்கார்டில் வயிற்றை அழுத்திக்கொண்டு குனியாமல், சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றே பிளக்கைக் கழற்றலாம்.

கொடகவெலயில் இந்த ஆசைக்குக் காரணமும் உண்டு. கஹவத்தைக்கும் எம்பிலிப்பிட்டிக்கும் நடுவில், ஏ-18 வீதியை விட்டு இறங்கினால் தேயிலையும் இறப்பரும்தான். தோட்டப் பாதையில் அடிபடுகிற வாகனத்தின் பொனட் அடிக்கடி திறபடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அதுவும் கையைச் சுடும் வரியோடு. இருப்பதை ஓட்டத்தான் வேண்டும் என்றானபின், ஓட்டுகிறதையே கொஞ்சம் வசதியாக்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஆனால் கராஜுக்குப் போய் பாஸிடம் "வெட்டுங்க" என்று சொல்வதற்கு முன்னால், வெட்டப்போகிற தகரம் வாகனத்தில் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மற்றத் தெரிவுகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

லாண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளில் பதில் சுலபம். கீழே ஏணி மாதிரியான இரும்புச் செஸி; மேலே அலுமினியக் கலவைத் தகடுகள், எல்லாம் போல்ட்டில் நிற்பவை. மட்கார்டைக் கழற்றினாலும் செஸியின் பலம் குறையாது. தனிச் செஸியில் வந்த பழைய ஜப்பான் பிக்கப்புகளும் பெரும்பாலும் இந்த வகைதான். ஒன்றை மறக்கக் கூடாது: இவற்றில் ரேடியேட்டரைப் பிடித்திருக்கும் முன்சட்டம் மட்கார்டுகளின் துணையோடு நிற்கிறது. மட்கார்ட் கூட்டோடு போய்விட்டால், அந்தச் சட்டத்துக்குச் செஸியிலிருந்து தனிக் கால் கொடுத்து, எஞ்சினுக்குப் பின்னாலுள்ள சுவர் வரை இரண்டு கம்பி இழுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பள்ளம் விழுந்த பாதையில் ரேடியேட்டர் ஆடி, குழாய் வாய் வெடிக்கும்.

மொறிஸ் மைனர் பிக்கப் வேறு சாதி. 1953இல் வந்த இந்த வண்டிக்குப் பின்பாதியில்தான் தனிச் செஸி; முன்பாதி காரைப்போலவே தகரமும் சட்டமும் ஒன்றாக வெல்ட் செய்த உடம்பு. வெளி மட்கார்ட் போல்ட்டில் நிற்பதால் அதைக் கழற்றலாம், கூடாகவும் சேர்க்கலாம். உள்ளே எஞ்சினுக்கு இரு பக்கமும் நிற்கும் தகட்டில் கை வைத்தால்தான் வினை: முன்கால் சட்டங்களை விறைப்பாக வைத்திருப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் பந்தய மொறிஸ்களுக்கு முன்பக்கத்தை முழுவதுமாகக் கவிழ வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்தகட்டை எடுப்பவர்கள் அந்த இடத்துக்கு இரும்புக் குழாயில் தாங்கு போடுகிறார்கள். கொழுந்துச் சாக்கோ மரக்கறிக் கூடையோ ஏற்றுகிற பிக்கப்புக்கு அந்தச் செலவு எதற்கு? மொறிஸ்காரருக்கு என் யோசனை, பொனட்டின் கீலைப் பின்னாலிருந்து முன்னுக்கு மாற்றுவதோடு நிறுத்துங்கள் என்பதுதான். ஓட்டத்தில் பூட்டு விட்டுப்போனாலும் காற்றே அதை அமுக்கிப் பிடிக்கும். கண்ணாடியில் வந்து அடிக்காது. மட்கார்ட் பெரிய வேலைக்கு மட்டும் போல்ட்டைக் கழற்றி இறங்கட்டும். இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் சென்டருக்கு ஒரு காலத்தில் தகரப் பாகங்கள் செய்து அனுப்பியதே இலங்கைதான். நல்ல அசல் மட்கார்டை வெட்டுவதற்கு மனமும் வரக் கூடாது.

கவிழும் முன்பக்கம் கம்பனியே போட்டுக் கொடுத்த காரும் நம் பக்கத்தில் ஓடியது. 1959இல் வந்த ட்ரையம்ப் ஹெரால்டுக்குத் தனிச் செஸி இருந்ததால் முன்பக்கம் முழுவதும் ஒரே மூடியாகத் திறந்தது. அதைச் சென்னையில் ஸ்டான்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் கட்டினார்கள். பிறகு 1970களில் அதே கம்பனி கெசல் என்ற காரை விட்டபோது, மட்கார்டை நிலையாக வைத்துச் சாதாரண பொனட்டுக்கே திரும்பிவிட்டது. கம்பனியே கைவிட்ட ஒன்றை நாம் கட்டப்போகிறோம் என்ற நினைப்பு இருந்தால் அளவெடுக்கும்போது கை நிதானமாகும்.

கவிழ்ப்பது என்று முடிவானால், எந்தப் பொருளில்? பழைய தகடுகளையே சேர்த்து உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம் போடுவது ஒரு வழி. வடிவம் மாறாது, டிங்கர் வேலை தெரிந்தவர் பக்கத்திலேயே கிடைப்பார். ஆனால் கூடு கனக்கும். தகரத்தை ஆர்க் வெல்டிங்கில் ஒட்டினால் ஓட்டை விழும். சீஓடூ வெல்டிங்கில் புள்ளி புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைத்தால்தான் நெளியாது. லாண்ட் ரோவரின் அலுமினியத்தை இரும்புச் சட்டத்தில் நேராக வைத்து போல்ட் முடுக்காதீர்கள். நடுவில் இறப்பர் இல்லாவிட்டால் இரத்தினபுரி மழையில் அலுமினியம் பொருக்குத் தட்டி அரிக்கும்.

மற்றது ஃபைபர். பாரம் குறைவு, துருவே இல்லை. இதே ஏ-18 வீதி போய் முடிகிற தெற்குக் கரையில் வள்ளத்துக்கு ஃபைபர் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அச்சு எடுக்கிற வேலை அவர்களுக்குப் புதிதல்ல. குறை, போல்ட் ஓட்டையைச் சுற்றி வெடிப்பது. கீலும் பூட்டும் வருகிற இடங்களில் இரும்புத் தகட்டை உள்ளே வைத்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு வண்டிக்காக அச்சு எடுப்பது வீண் செலவு. நான் தகரத்தையே எடுப்பேன். உங்கள் மட்கார்ட் சல்லடையாகிப் போயிருந்தால் மட்டும் ஃபைபர்.

இனி, எல்லாரும் தவறுகிற இடம்: கீல் எங்கே? அழகுக்காகக் கிறிலின் நடு உயரத்தில் வைத்துவிடுகிறார்கள். கூடு கவிழத் தொடங்கும்போது கீலின் மட்டத்துக்கு மேலே உள்ள பகுதியெல்லாம் கதவை விட்டு முன்னால் நகரும். மட்டத்துக்குக் கீழே உள்ளது பின்னால் வரும். ஆகவே மட்கார்டின் பின் கீழ்மூலை கீலைவிடத் தாழ்ந்திருந்தால், முதல் அசைவிலேயே அது கதவடிச் சட்டத்தில் குத்தும். கீல் அந்த மூலையைவிடத் தாழ்வாகவும், முடிந்தவரை முன்னுக்கும் வர வேண்டும். ரொம்பப் பின்னால் தள்ளினால் கூட்டின் மூக்கு கீழே சுழன்று பம்பரில் முட்டும். நம்பாவிட்டால் பக்கத் தோற்றத்தைக் கார்ட்போர்டில் வெட்டி, பலகையில் ஓர் ஆணி அடித்துச் சுழற்றிப் பாருங்கள். ஆணியை இடம் மாற்றச் செலவில்லை. வெல்ட் செய்த கீலை மாற்றக் காசு வேண்டும்.

மிச்சமெல்லாம் சின்ன வேலை. பின் ஓரத்தில் இரண்டு பக்கமும் பூட்டு, அது நழுவினால் பிடிக்க இன்னொரு கொக்கி. கூடு வந்து அமர இறப்பர் கூம்புகள். லைட் வயருக்குக் கீல் பக்கம் தளர்ச்சியும், கழற்றக்கூடிய சொக்கட்டும். தூக்கிப் பிடிக்கக் கார்களின் பின்கதவில் வரும் கேஸ் தண்டு கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். ஆனால் பழைய தண்டில் கேஸ் இறங்கியிருக்கும், தலைக்கு மேல் நிற்கிற பாரத்தை அதை நம்பி விட முடியாது. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி முட்டும் கட்டாயம்.

கடதாசி வேலையும் உண்டு. பதிவில் உள்ள விபரம் மாறினால் அறிவிக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். வெட்டுவதற்கு முன்பே படத்தோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் ஒரு பிரதி போகட்டும். விபத்துக்குப் பிறகு சொன்னால் அவர்களுக்கு அது வேறு வாகனம்.

இன்னொன்று, கவிழ்க்க வண்டிக்கு முன்னால் மூன்று நான்கு அடி வெற்றிடம் வேண்டும். லயன் ஓரத்துக் கல்லுக் கட்டில் மூக்கை முட்டி நிறுத்துகிறவர், எண்ணெய் பார்க்கிற ஒவ்வொரு காலையிலும் வண்டியைப் பின்னால் தள்ள ஆள் தேட வேண்டியிருக்கும்.